யாரும் மறுப்புச் சொல்லவில்லை

ஃபிரிட்ஜுக்குள் காலாவதியான ஜாம் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்று கதவைச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தேதி முடிந்தால் தூக்கிப் போட வேண்டும். நான் வளர்ந்த விதம் அப்படி.

எங்கள் திட்டத்திலும் எனக்கு அந்த வேலைதான். பேச்சு இழந்தவர்களுக்காகப் பேசும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் இணையத்தில் ஒரு கிடங்கு உண்டு. அப்டேட்டும் குரல்களும் அங்கிருந்துதான் அவரவர் கணினிக்குப் போகும். பழைய கிடங்குகளைச் சுத்தம் செய்ய ஒருவன் வேண்டுமல்லவா, அது நான்.

திட்டத்தைத் தொடங்கியவர் என் அண்ணன். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா அவரைப் பார்த்துத்தான் சொல்வார். நரம்பு நோய் வந்து கையும் காலும், பிறகு நாக்கும் ஓய்ந்தபோது, இனிமேலாவது வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். தவறாக எண்ண வேண்டாம், அவருடைய ஓய்வுக்காகத்தான். ஆனால் மனிதர் முன்கூட்டியே தன் குரலைப் பதிவு செய்து கிடங்கில் போட்டு வைத்திருந்தார். திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்ப்பார். கணினி அவர் குரலிலேயே பேசும். அதே நக்கல், அதே இழுவை.

"டேய் துடைப்பம், கூட்டிப் பெருக்கினது போதும். ஒரு வரியாவது சொந்தமா எழுதுடா." வீடியோ கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவர் குரல் வேலை செய்தது பழைய பதிப்பில் மட்டும்தான். கணினியை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அது பழைய கிடங்குக்குப் போய்க் குரலை எடுத்துவரும். கிடங்கு இல்லையென்றால் பேச்சில்லை. ஒரே ஒரு ஆளுக்காக ஒரு கிடங்கு. நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். அதை நீக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கூட்டத்தில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இந்த விதியை எழுதியதே அண்ணன்தான்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கலாம். ஆமாம், கூட்டம் மாலையில். கிடங்கை நான் காலையிலேயே துடைத்துவிட்டேன். எப்படியும் நிறைவேறப் போகிற தீர்மானம். நல்ல காரியத்தை எதற்குத் தள்ளிப் போட வேண்டும்?

மாலை வீடியோ கூட்டம் தொடங்கியபோது, மதியம் தூங்கி எழுந்தவருக்கு அண்ணி அப்போதுதான் கணினியை ஆன் செய்திருந்தார். அண்ணனின் கண்கள் எழுத்துக்கு எழுத்து ஓடுவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. "சார்ஜ் இல்லபோல, இருங்க, ஒயரை எடுத்துட்டு வந்துடறேன்" என்று அண்ணி உள்ளே ஓடினார்.

கூட்டத்தை நடத்திய கணக்கு வாத்தியார் கேட்டார்: "யாருக்காவது மறுப்பு இருக்கா? சார், நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் கண்களை அகல விரித்தார். வாத்தியார் கொஞ்சம் காத்திருந்தார்.

"மறுப்பு இருந்தா அவர் சும்மா இருக்கிற ஆளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், முதல்முறையாக என் பேச்சுக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அன்றைக்கே அண்ணி போன் செய்தார். "தம்பி, அவர் குரலை எங்கயாவது நகல் எடுத்து வெச்சிருப்பியே, கொஞ்சம் பாருப்பா."

நகலும் என் பொறுப்பில்தான் இருந்தது. பாதியைக் கூட்டிவிட்டு மீதியை மூலையில் தள்ளுகிற பழக்கம் எனக்கில்லை. அதையும் அழித்திருந்தேன். புதிய பதிப்பில் அருமையான குரல்கள் இருக்கின்றன, வந்து போட்டுத் தருகிறேன் என்றேன். "அது அவர் குரல் இல்லையே தம்பி" என்று அழுதார். சரி, பழகிவிடும். இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் வேலை.

நேற்று, கணினி அணைந்திருந்த நேரத்தில், அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். துடைத்தது நான்தான், நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்றுதான் காலையிலேயே துடைத்தேன் என்றேன். கண்ணைக்கூட எடுக்காமல் முழுவதையும் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை என் அண்ணன். கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.