பத்துக் கேள்விகளும் ஒரு ரப்பரும்

தமிழகத்துப் பெற்றோரை அறிவியல் முறைப்படி அளந்த முதல் மனிதன் என்று என்னை வரலாறு சொல்லும். அளந்த கருவி ஒரே ஒரு தாள், பத்துக் கேள்விகள். கூடவே ஒரு ரப்பரும் தேவைப்பட்டது.

மூலத்தில் அறுபது கேள்விகள். ஒரகடத்துத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி ஸ்ரீதர் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னா சார், அறுபதா? டீ பிரேக்கே பத்து நிமிஷம். லைன் நின்னா என் வேலை பூடும். ஒரு பக்கத்துல முடிங்க."

சுருக்கினேன். விடைகளைப் பார்த்து, தேவை அதிகமுள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் கம்பெனிக் காப்பகத்தில் இடம் தருவதாக ஏற்பாடு.

சுருக்கியதற்குச் சான்று வேண்டுமே. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. அதற்கு மூன்று நிபுணர்கள் கையெழுத்திட்டார்கள், அவர்களில் ஒருவன் நான். நம்பகத்தன்மைக்கு, முதலில் நிரப்பிய நாற்பது பேரும் இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்ப வேண்டும். விடை மாறக்கூடாது.

லைனில் வேலை பார்க்கும் மாடத்தியின் விடை மாறியது. 'பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போவேன்' என்பதற்கு முதலில் 'ஒருபோதும் இல்லை'. இப்போது 'தினமும்'.

"என்னம்மா, அதுக்குள்ள மனசு மாறிடுச்சா?"

"மனசு மாறல சார், நெலம மாறிட்டு. பக்கத்து ரூம் சந்திரம்மாக்கா பாத்துக்கிட்டாவ. அவிய ஊருக்குப் போய்ட்டாவ. இப்பம் பூட்டிட்டுத்தான் ஷிஃப்டுக்கு வாரேன். சுகப்பிரியாவுக்கு மூணு வயசுதான் சார். ஒரு எடம் கெடைக்கட்டும்."

நியாயமான கோரிக்கை. ஆனால் இப்படி ஏழு பேர். விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் 0.58-க்கு இறங்கிவிட்டது. எந்த ஆய்விதழும் அதைத் தொடாது. தவறைத் திருத்த வசதியாகத்தான் பென்சிலால் நிரப்பச் சொல்லியிருந்தேன். ஏழு பேருடைய இரண்டாம் விடையையும் அழித்து, முதல் விடைக்கே நானே திருத்தினேன். மாடத்தியின் தாளைக் கடைசியாக, காகிதம் கிழியாமல், மெதுவாக. 0.91 வந்தது. காப்பகப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

மே மாதம், பகல் ஷிஃப்ட் முடிந்து இருங்காட்டுக்கோட்டையின் தகரக்கூரை அறையை மாடத்தி திறந்தபோது, சுகப்பிரியா கதவோடு ஒட்டிப் படுத்திருந்தாள். எழுப்ப முடியவில்லை.

கேள்வித்தாளில் பிழையா என்று உங்கள் விசாரணைக் குழு கேட்கிறது. இல்லை. சான்றாக, நானும் ஒரு தகப்பன் என்ற முறையில் எனக்காக நிரப்பிய இரண்டு தாள்களையும் இணைத்திருக்கிறேன். 'கோபத்தில் பிள்ளையை அடிப்பேன்': இரண்டு முறையும் 'ஒருபோதும் இல்லை'. யாரும் அழித்துத் திருத்தாத விடை.

ரப்பர் யாருடையது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழிலரசியுடையது. என் இரண்டாம் தாளை நிரப்பிய அன்று காலை, ரப்பரைக் காணோம் என்றாள். தொலைத்ததற்காகக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன். அது என் சட்டைப்பையில் இருந்தது.