சுரங்கத்து ரப்பர் கையுறை குறித்து இன்னாசிமுத்து சொன்னது

1964 ஆகஸ்டு மாதம், நெய்வேலி காவல் நிலையத்தில் எழுதப்பட்டது.

என் பெயர் இன்னாசிமுத்து, தகப்பனார் மரியஜோசப், வயது நாற்பத்தாறு, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன். சுரங்கத்தில் எலக்ட்ரிகல் ஹெல்பர், பர்மனென்ட். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதில் எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானே சைக்கிளில் வந்தேன். வந்ததும், டாக்டரை ஏற்றிக்கொண்டு கம்மாபுரத்துக்கு ஜீப் போகவேண்டும் என்று சொன்னேன். பெயர் வயதிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்று ஏட்டு அய்யா சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் மகள் மரியபுஷ்பம், ஒப்பந்தக்காரர் நல்லசாமியின் கூலியாட்கள் முகாமில் போட்டிருக்கும் காலராக் கொட்டகையில் ஆயா வேலை பார்க்கிறாள். நோயாளிகளின் துணியையும் சட்டியையும் அவள்தான் அலசவேண்டும். அங்கே கையுறை கம்பவுண்டருக்கு மட்டும் ஒரு ஜோடி உண்டு, ஆயாக்களுக்குக் கிடையாது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கை வைத்து வைத்து அவள் விரல் எல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

அதன் பிறகு, நானும் லைன்மேன் கலியனும் பொதுவில் உபயோகிக்கும் ரப்பர் கையுறை ஜோடியை ஷிப்ட் முடிந்ததும் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன். அது முழங்கை வரை வரும். கம்பெனியில் கழித்துப் போட்டது என்று பொய் சொன்னேன். ராத்திரி அவள் போட்டுக்கொள்வாள், காலையில் கிருமி கொல்லும் லைசால் மருந்து வாளியில் ஊறவைத்துக் கொடுப்பாள், நான் ஷிப்டுக்கு முன் சுரங்கத்துச் சாமான் பெட்டியில் வைத்துவிடுவேன். இப்படிப் பல நாள் நடந்தது. "அப்பா, ஊறாம மட்டும் எடுத்துகினு போயிடாத" என்று ஒவ்வொரு நாளும் சொல்வாள். நானும் பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டுவேன்.

போன திங்கட்கிழமை காலை நான் போனபோது புது நோயாளிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் உள்ளே இருந்தாள். கையுறை வாளிக்குள் இல்லை, வாளி விளிம்பில் ஈரமாகக் கிடந்தது. ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. அதன் பிறகு நான் அதை எடுத்து, வழியில் குழாயடியில் அலசிவிட்டு, பெட்டியில் வைத்தேன்.

அதன் பிறகு கலியன் அதை வேலைக்கு எடுத்தான். கரண்டு கம்பியில் கை வைக்குமுன் கையுறையில் வாய் வைத்து ஊதி, காற்று நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் வழக்கம். கலியன் ஊதினான். "ஓட்டை இருந்தா எம் பொண்டாட்டி தாலி போச்சுண்ணே, நீயும் ஒண்ண ஊதிப் பாரு" என்று இன்னொன்றை நீட்டினான். நான் உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து ஊதுவதுபோல் பாவனை செய்தேன். "என்னாண்ணே, சொம்புத் தண்ணி குடிக்கிற மாதிரி அண்ணாந்துகினு ஊதற?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். குழாயில் அலசியது போதும் என்று நான் மெய்யாகவே நம்பியிருந்தால் வாய் வைத்து ஊதியிருப்பேன். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் திருட்டு வெளியாகி வேலை போயிருக்கும். அதனால் சொல்லவில்லை.

புதன்கிழமை கலியன் வேலைக்கு வரவில்லை. இன்று காலையும் வராததால் விசாரித்து, கம்மாபுரத்தில் அவன் மச்சான் வீட்டுக்குப் போனேன். உள்ளே கலியன் படுத்திருந்தான். கண் குழிக்குள் போயிருந்தது, குரல் இல்லை, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அவன் மனைவி அம்சவல்லியிடம் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம் என்றேன். "அந்தக் கொட்டாய்க்குப் போனவன் எவன் திரும்பனான்? வூட்லயே கெடக்கட்டும்" என்றாள். அதன் பிறகு கையுறை விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்து, "உம் பொண்ணு கை வெந்துச்சுன்னு எம் புருசன் வாயில வச்சியா?" என்று கேட்டாள். மச்சான் கழியை எடுத்ததால் வெளியே வந்தேன். வரும்போது, குடிதண்ணீர் எடுக்கும் குளத்தில் ஒரு பெண் கலியனின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மகளிடம் போய் எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "சலைன் ஏத்துனா பொழைச்சுக்குவாரு, சாயந்தரம் ஆச்சுன்னா ஊசி குத்த நரம்பு கெடைக்காது. போலீசு போனாத்தான் வுடுவாங்க, ஓடு" என்றாள். நேராக இங்கு வந்தேன்.

காலையிலேயே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்ட கையுறை இரண்டையும் மூடி போட்ட தகர டப்பாவில் லைசாலோடு ஒப்படைத்திருக்கிறேன். சாட்சிப் பொருள் என்று யாரும் கையை விட்டு எடுக்கவேண்டாம். இன்று நான் சொல்லும்வரை மகளுக்குத் திருட்டு தெரியாது. என் கையில் விலங்கு போட்டு ஜீப்பில் ஏற்றினாலும் சம்மதம், வீட்டைக் காட்டுகிறேன்; அம்சவல்லி என்னை அடித்தாலும் தடுக்கவேண்டாம்.

மேலே சொன்னது அத்தனையும் நான் அறிந்து சொன்ன நிஜம். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவது முறை என்று ஏட்டு அய்யா சொல்கிறார். படிக்கவேண்டாம், படிக்கிற நேரத்துக்கு ஜீப் கம்மாபுரத்துக்குப் பாதி தூரம் போய்விடும். படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ம. இன்னாசிமுத்து