காதோரத்து ஒல்லிச் சடை

— அந்தக் குளம்புக்கு எண்ணெய் தடவறது இது மூணாவது தடவைங்க.

— காஞ்சுபோச்சு. அதான்.

— எங்க காயவிட்டீங்க? மத்த மூணும் சாம்பல் பூத்து நிக்குது, இது ஒண்ணு மட்டும் பளபளன்னு மின்னுது. குதிரை ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு மாட்டிட்டு வந்திருக்குன்னு ஜட்ஜு நினைக்கப் போறாரு.

— சரி விடு. நீ போடற சடையப் பாரு. தண்ணி பிடிக்கப் போனவ முக்கா மணி நேரம் கழிச்சு பாதி வாளியோட வந்து நிக்கறே. வந்ததும் என் கையில குத்தம் கண்டுபிடிக்கறே.

— குழாய்ல கூட்டம்.

— நான் போனப்ப ஒரு ஈ காக்கா இல்லை.

— சரி, கூட்டமில்லை. கடைசி வரிசை வரைக்கும் சும்மா நடந்துட்டு வந்தேன். வேற லாயத்துக் குதிரைங்களை நாம பார்க்கக் கூடாதா?

— தாராளமா பாரு. பார்த்துட்டு வந்து மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சுக்காதே. என்ன விஷயம்?

— ஒண்ணுமில்லை. இவ தலையக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க, எனக்கு எட்டலை. சீமாட்டி, அடம் பண்ணாதேடி.

— சீமாட்டின்னு பேர் வெச்சவங்களைச் சொல்லணும். நெத்தியில துணி பட்டாலே மூக்கைச் சுளிக்கறா. இறங்குடி என் ராசாத்தி. ம், அப்படித்தான். இப்பச் சொல்லு, கடைசி வரிசையில என்ன?

— எட்டாவது தடுப்புல ஒரு செவலைக் குதிரை. வெளிய ஆள் யாரும் இல்லை. அது மட்டும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்குது. பிடரிக்குச் சடை போட்டு முடிச்சிருந்தாங்க.

— சரி.

— பதிமூணு சடை. எல்லாம் ஒரே அளவு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒல்லி.

— ஒண்ணு ஒல்லியாத்தான் விழும். உனக்கே விழும். கடைசியில மிஞ்சற முடியப் பொறுத்தது.

— எனக்கு எங்க விழும், சொல்லுங்க.

— கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற இடத்துல. காதுகிட்ட ஆரம்பிச்சுக் கீழ இறங்கறவங்களுக்கு எல்லாம் அங்கதான். வேற எங்க விழும்?

— அந்தச் செவலைக்குக் காதுக்குப் பின்னாடி விழுந்திருக்கு. என்னங்க, கேட்டுச்சா?

— கேட்டுச்சு. அதுக்கு என்ன இப்போ?

— கீழ இருந்து ஆரம்பிச்சு மேல ஏறிப் போறவ எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். ஏழு வயசுல வாளியக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி நின்னு பழகினவ. குதிரை தலையத் தூக்கிட்டா காதுகிட்ட எட்டாது. எட்டற இடத்துல ஆரம்பிக்கறேம்மான்னு சொல்லுவா. வளர்ந்து உங்க உயரம் வந்தப்புறமும் மாத்திக்கலையே.

— உலகத்துல எத்தனையோ பேர் எப்படி எப்படியோ போடறாங்க.

— சடைய மடிச்சு நூலால தைச்ச தையலையும் பார்த்தேங்க. மூணு குத்து குத்தி, முடிச்சை உள்ள தள்ளி மறைச்சிருக்கு. நம்ம பாப்பாவேதான்.

— பாப்பா கீப்பான்னு ஆரம்பிக்காதே. போட்டி ரிங்குக்குள்ள போக இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த வெள்ளைப் பொடிய எடு. நாலு காலும் மஞ்சளடிச்சுக் கிடக்குது.

— நாலா? இவளுக்கு வெள்ளைக் காலு ரெண்டுதாங்க.

— ரெண்டுன்னுதான் சொன்னேன்.

— நாலுன்னு சொன்னீங்க.

— என்னமோ போ. பொடியக் குடு.

— இந்தாங்க. ஐயோ பார்த்து, பாதி தரையில கொட்டுது.

— கொட்டினா கொட்டட்டும். ஆளைப் பார்த்தியா?

— எந்த ஆளை?

— எந்த ஆளையாம். அந்தச் செவலைகிட்ட நின்ன ஆளை.

— கேட்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன். பார்க்கலைங்க. உள்ள வைக்கோலைக் கிளறுற சத்தம் கேட்டுச்சு. கூடவே சீட்டிச் சத்தம். ரிங்குக்குப் போறதுக்கு முன்னாடி குதிரைக்கு மூத்திரம் போகவைக்க நீங்க இழுத்து இழுத்து அடிப்பீங்களே, அந்தச் சீட்டி.

— அது அவளுக்கு ஒழுங்கா வராது. பாதியில காத்து போயிடும்.

— இப்பவும் பாதியில காத்துதான் போகுது.

— கழுதை. எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பேன்.

— சிரிக்கறீங்க. இதே வாய்தான் பாப்பா கீப்பான்னுச்சு.

— நான் எங்க சிரிச்சேன்? அது சரி, அவ்வளவு தூரம் போனவ உள்ள போக வேண்டியதுதானே?

— போகலை.

— ஏன்? பெத்த பொண்ணு. ஆறு வருஷமாச்சு, எங்க இருக்கா என்னான்னு ஒரு தகவல் கிடையாது. அம்மா வந்திருக்கேன்டின்னு ஒரு சத்தம் குடுக்கறதுக்கு என்ன?

— கதவுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேங்க. வாளித் தண்ணி பாதி அங்கயே சிந்திப்போச்சு. அப்புறம் வந்துட்டேன்.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— நான் மட்டும் போய் என்ன பண்றது?

— உன்னை யாரு தடுத்தா? நானா? அவளைத் தேடிப் போகாதேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?

— சொன்னதில்லை. வா போகலாம்னும் சொன்னதில்லை. உங்களுக்கு அவளைப் பார்க்கணும்னே இல்லையா?

— வாலைச் சீவியாச்சா?

— அதெல்லாம் அப்பவே ஆச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— இல்லாம என்ன. எந்த ஊருக்குப் போட்டிக்குப் போனாலும் மத்த லாயத்து ஆளுங்க முகத்தைத்தான் முதல்ல பார்க்கறேன். எவளாவது ஒருத்தி குனிஞ்சு குதிரைக் காலைத் தூக்கிப் பிடிச்சிருந்தா, பின்னாடியே போய் நின்னுடறேன். அவ நிமிர்ந்து பார்த்து, என்ன வேணும்னு கேப்பா. முகம் வேறயா இருக்கும். தண்ணிக் குழாய் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வந்துடுவேன். ஆறு வருஷத்துல நான் எத்தனை குழாய் விசாரிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாது.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

— சொல்லி என்ன ஆகப் போகுது?

— சொல்லிப் பார்த்திருக்கலாம். சரி, இப்ப கேளுங்க. செவலையோட போட்டி நமக்கு முன்னாடி. அது முடிஞ்சதும் குதிரைய வண்டியில ஏத்திடுவாங்களாம், வண்டிப் பக்கம் நின்ன டிரைவர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். ரொம்ப தூரம் போகணுமாம், ரெண்டு நாள் ஓட்டமாம். வாங்க, ஒரு எட்டு போய் அவ முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்.

— இவளை யாரு பிடிச்சுக்கறது?

— கட்டிப் போடுங்க. நின்னுக்கிட்டே தூங்கறா, எங்க ஓடிடப் போறா?

— நான் வரலை. நீ போயிட்டு வா.

— ரெண்டு பேருமா போகலாம்னுதானே சொல்றேன்.

— என் முகத்துல முழிக்க மாட்டா. அவ காலுக்குச் சுத்தின துணிக் கட்டு இறுகித்தான் பெரியவன் குதிரைக்குக் காலே போச்சுன்னு, லாயத்து ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியும் கத்தினேன். இனிமே குதிரை மேல கை வைக்காதேன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். அவ பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. அவகிட்ட இப்ப நான் என்னன்னு போய் நிக்கறது?

— அப்பான்னு போய் நில்லுங்க. வேற என்னன்னு நிக்கணும்?

— உனக்குச் சொன்னாப் புரியாது.

— புரியற மாதிரி சொல்லுங்களேன். நான் இங்கயேதான் நிக்கறேன்.

— விடு. முதலாளியம்மா வர்றாங்க பாரு. கண்ணைத் துடை.

— என்னண்ணே, ஆச்சா? அடேங்கப்பா, சீமாட்டி இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்கறாளே. அக்கா, சடை பிரமாதம்.

— ஆச்சும்மா. பின்பக்க முடியில சீப்பு வெச்சு அழகுக்குக் கட்டம் கட்டமா கோலம் போடணும். அது ஒண்ணுதான் பாக்கி.

— நேரா போடுங்கண்ணே. போன தடவை கோணிப்போய், ஜட்ஜு குதிரையப் பார்க்காம அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. என்னக்கா, கண்ணு சிவந்திருக்கு?

— பொடி பட்டுடுச்சும்மா.

— அப்ப நீங்களும் பாப்பாவைப் பார்த்துட்டீங்க.

— நீங்க பார்த்தீங்களாம்மா? நேர்லயா?

— இப்பத்தான்க்கா, கடைசி வரிசையில. நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா, ஆனா முகத்துல ஒரு தெளிவு. அங்க எட்டுக் குதிரைக்கு அவதான் பொறுப்பாம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, பெரியவன் எப்படிம்மா இருக்கான்னுதான் முதல்ல கேட்டா. முன்னங்காலை இன்னும் கொஞ்சம் இழுக்கறான், மத்தபடி புல்லைத் தின்னுக்கிட்டு சுகமா இருக்கான்னு சொன்னேன். கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு.

— எங்களைப் பத்திக் கேட்டாளாம்மா?

— அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டா. அம்மா ராத்திரியில தூங்கறாங்களான்னு கேட்டா. வந்து நீயே கேளேன், அங்கதான் இருக்காங்கன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டா. வரலைம்மா, அவங்களா வந்தா வரட்டும்னா.

— பார்த்தியா? நான் சொல்லலை? என் மேல இருக்கற கோபம் அவளுக்குப் போகவே இல்லை.

— கோபம் மாதிரி எனக்குப் படலைண்ணே. வழியையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் ஒண்ணு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அப்பவே சொல்லியிருக்கணும், எனக்கும் அப்பச் சின்ன வயசு, சொல்லத் தெரியலை.

— சொல்லுங்கம்மா.

— பெரியவன் காலு வீங்கினதும் எனக்குக் கோபம் வந்துச்சு, இல்லைங்கலை. யாரு கட்டினதுன்னு கேட்டேன். எப்படிக் கட்டினாங்க, எத்தனை மணிக்குக் கட்டினாங்கன்னு டாக்டர் கேட்டாரு, அதுக்காகத்தான் கேட்டேன். யாரையும் வேலைய விட்டு அனுப்பற நினைப்பே எனக்கு இல்லை. அதுக்குள்ள நீங்க அந்தப் பொண்ணைப் பிடிச்சு அப்படிக் கத்தினீங்க.

— அனுப்பியிருக்க மாட்டீங்களாம்மா?

— ஒரு கட்டுக்காகவா? என்னண்ணே பேசறீங்க? கட்டினது யாரா இருந்தா என்ன? குதிரைய வெச்சு வேலை செய்யறவங்க கையில ஒரு தடவை இறுகத்தான் செய்யும். உங்க கையிலயே அது நடந்திருந்தா, எங்க அப்பா காலத்துல இருந்து இருக்கற உங்களை நான் அனுப்பிடுவேனா?

— இல்லைம்மா.

— அவ்வளவுதான் விஷயம். சரி, நான் பூட்ஸ் மாட்டிட்டு வர்றேன். செவலை இப்ப ரிங்குக்குப் போயிடும், பார்க்கறதுன்னா சீக்கிரம் போய்ப் பாருங்க. சேணத்தை நான் வந்து பார்த்துக்கறேன்.

— என்னங்க, எதுக்கு வாளி மேல உட்கார்ந்துட்டீங்க? தண்ணி வேணுமா?

— அனுப்பியிருக்க மாட்டாங்களாமே.

— அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க.

— வேலை போயிடும்னு நினைச்சேன். வேலை போனா குடியிருக்கற ரூமும் போயிடும். உன்னைக் கூட்டிக்கிட்டு இந்த வயசுல எங்க போய் நிப்பேன்னு நினைச்சேன். அந்த ஒரு நிமிஷத்துல வேற எதுவுமே எனக்குத் தோணலை.

— எந்த ஒரு நிமிஷத்துலங்க?

— நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்குச் சொல்ல வராது.

— திரும்பிட்டேன். சொல்லுங்க.

— அன்னைக்கு சாயங்காலம் அவதான் பெரியவனுக்கு நாலு காலும் கட்டினா. கட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டா. நான் ஒரு தடவை சுத்திப் பார்த்தேன். முன்னங்காலு கட்டு கொஞ்சம் தொளதொளன்னு இருக்கற மாதிரி பட்டுச்சு. விரலை விட்டுப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மனசு கேக்கலை, மறுநாளு அவ்வளவு பெரிய போட்டி. சின்னப் பொண்ணு கட்டினதுதானேன்னு அவிழ்த்துப் போட்டுட்டு நானே கட்டினேன். இழுத்துக் கட்டினேன்.

— ம்.

— காலையில யாரு கட்டினதுன்னு முதலாளியம்மா கேட்டாங்க. பாப்பா என்னைத்தான் பார்த்தா. தான் கட்டினது எது, நான் கட்டினது எதுன்னு அவளுக்குத் தெரியாதா? நான் தரையப் பார்த்துக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, நான்தான் கட்டினேன்னு சொல்லிட்டா. அவ அப்படிச் சொன்னதும் எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு பாரு, அதை நினைச்சாத்தான் இன்னைக்கும் தாங்கலை. அப்புறம் எல்லாரும் நம்பணுமேன்னு நானே அவளைக் கத்தினேன். என் பொண்ணுடி. என் தப்பை அவ தலையில கட்டி அனுப்பிட்டு ஆறு வருஷமா சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். திட்டு. எதையாவது எடுத்து அடி.

— எனக்குத் தெரியுங்க.

— என்ன தெரியும்?

— பெட்டியத் தூக்கின அன்னைக்கே சொல்லிட்டா. அப்பாவா சொல்ற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது, அவரு இல்லாம என்னைத் தேடியும் வரக் கூடாதுன்னு, தன் தலையில என் கைய வெச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா. அன்னையில இருந்து தினமும் காலையில எழுந்ததும் உங்க முகத்தைத்தான் பார்க்கறேன், இன்னைக்காவது சொல்லிடுவீங்களான்னு.