டாக்டர் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை

மயிலாப்பூரில் ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி வெயிலிலும் சால்வை போர்த்தியிருந்தாள். மற்றவள் அடையாறில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"டெங்கு இல்ல, டைபாய்டும் இல்ல. காச்சல் மட்டும் கீது," என்றாள் சால்வைக்காரி.

"வீட்ல நாய், பூனை எதுனா கீதானு டாக்டர் கேக்கலியாக்கா?"

"கேட்டாரு. ரெண்டும் இல்லன்னேன்."

"ஆடு வளக்குறியே."

"ஆட்டப் பத்தி அவரு கேக்கல."

"போன மாசம் ஒண்ணு குட்டி போட்டுச்சே, யாரு இழுத்தது?"

"நான்தான். செத்துப் பொறந்துச்சு. வெறுங்கையாலதான் இழுத்தேன்."

"அதுலேர்ந்து வர்ற காச்சல் ஒண்ணு கீதுக்கா. க்யூ காச்சல்னு எங்க டாக்டரம்மா சொல்லும். கிளவுஸ் போடாம கிட்ட வுடாது. உள்ள போனதும் மொதல்ல இத சொல்லு."

"சொல்றேன். சரியாப் பூடும்ல?"

"மாத்திரைல பூடும். வயித்துல புள்ள கீறவங்களுக்குத்தான் ஆபத்து."

சால்வைக்காரியின் எண்ணை அழைத்தார்கள். அவள் எழுந்திருக்காமல் பையில் போனைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள்.

"இன்னொரு ஆடு காலைலேர்ந்து வலியில கத்திக்கினு கீது. எம்பொண்ணத்தான் பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். அவளுக்கு அஞ்சாம் மாசம்."

எண்ணை மறுபடி அழைத்தார்கள். அதற்குள் மகள் போனை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. இவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு குட்டியா," என்றாள். "யாருடி இழுத்தது?"