தலைகீழ் அன்னம்

ஓரிக்கை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், தன் கல்யாணப் பத்திரிகையைத் தோழியிடம் நீட்டிச் சொன்னாள்: “இந்த அன்னத்த நான் வரையலடி, பிரிண்டருக்கு எழுதிக் குடுத்தேன்.”

“எழுதினியா?”

“ஆமா. இந்தப் புள்ளியிலேருந்து கோடு இழு, இங்க வளை, உள்ள கறுப்பு ரொப்புன்னு வரிவரியா புரோகிராம் எழுதினேன். பிரிண்டர் அதைப் படிச்சு அப்படியே போட்டுடும்.”

“தலைகீழா இருக்குதே!”

“ஒரு மைனஸ் தப்பாப் போட்டுட்டேன். பார்க்கறதுக்குள்ள எல்லாம் அடிச்சாச்சு. வரப்போற மாமியார் கேட்டாங்க. பயத்துல, ‘குளத்துல தெரியிற நிழலு அத்தை’ன்னுட்டேன்.”

“நம்பிட்டாங்களா?”

“நம்பி, முகூர்த்தப் புடவையிலயும் அதேதான் வேணும்னுட்டாங்க. எங்கப்பா ஒரு வாரமா என்னைத் திட்டிக்கினே தறியில தலைகீழ் அன்னம் நெய்ஞ்சிக்கினு இருக்காரு.”