நாத்தம் இல்லாத வாரம்

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் டவுன் பஸ். முன் சீட்டில், ஷூ கம்பெனியில் வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்த சின்னவள் சொன்னாள்:

“ஒரு வாரமா எங்க தெருவுல தோல் நாத்தமே இல்லக்கா.”

“அய்யய்யோ! இன்னாடி, ஆர்டர் இல்லியா?”

“அமெரிக்காவுல நம்ம சரக்குக்கு வரிய ஏத்திட்டாங்களாம். டேனரிய மூடிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சும்மாதான் குந்தினு இருக்காரு.”

“கொழந்தைக்கு இருமல் எப்டி இருக்குது?”

“அது நின்னுபோச்சுக்கா. இப்பதான் நல்லா தூங்குது.”

வழியில் ஒரு நிறுத்தத்தை ஒட்டி, தோல் பதனிடும் வேறொரு டேனரி வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை அடைத்தார்கள். சின்னவள் மட்டும் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“இங்க நல்லா அடிக்குதுக்கா. அவருக்கு வேலை இருக்குமான்னு கேட்டுட்டு வர்றேன்” என்று இறங்கிப் போனாள்.