ஃபெல்லோ பட்டம்

கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்ததே, அதற்கு மறுவருஷம் ஆடி மாதம். அந்த வெள்ளத்தில் என் வெள்ளாடு இரண்டு போயின, அது தனிக்கதை. திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் பேசியது காதில் விழுந்தது.

"மதினி, எம் மகள ஃபெல்லோன்னுட்டாகன்னு சண்டைக்குப் போயிட்டேன்."

"யாரு சொன்னது?"

"டெல்லியில அவ சேந்திருக்குற பெரிய காலேசுலதான். 'அப்பா, எனக்கு ஃபெல்லோன்னு பேரு குடுத்திருக்காக'ன்னு போன்ல சொன்னா. எங்க வாத்தியாரு பெரம்பத் தூக்குனாலே 'யூஸ்லெஸ் ஃபெல்லோ'ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அங்க இருக்குற பெரிய வாத்தியாருக்கே போனப் போட்டு வஞ்சுபுட்டேன்."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட கூறுகெட்ட கொழுந்தனாரே! புதுசாச் சேந்ததுல ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குடுக்குற பட்டம்ல அது! அங்கயே படிக்குற எம் மக சொன்னாளே."

"இப்பத்தான் தெரியுது. கூடப் படிக்குறதுக எல்லாம் சிரிக்குதுகளாம். நாளைக்குப் பட்டம் குடுக்குற கூட்டத்துக்கே போகமாட்டேன்னுட்டா. அதுக்கப்புறம் போனையும் எடுக்கல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எழுத்துத் தெரியாத எனக்கும் முகம் சுண்டிப்போனது. அந்த அம்மாளும் சிரிக்கவில்லை.

துண்டுக்குள்ளிருந்தே அவர் சொன்னார்:

"ஒங்க மககிட்டச் சொல்லிவிடுங்க மதினி. எங்கூடப் பேசாட்டிப் போகுது. மேடையேறி அத வாங்கிக்கிடச் சொல்லுங்க."